கடாரம் கொண்டவனுக்கு ஒரு செம்பு தண்ணீர்



போன வருஷம் பள்ளி விடுமுறையில் நம் இயக்கத்தின் பண்புநெறி முகாமுக்கு வந்த பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனோம். நான் சுங்கை பட்டாணிக்காரன் என்பதால் விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மெர்போக் அருங்காட்சியகத்தின் பின்னால் இருக்கிற புக்கிட் பத்து பஹாட் சண்டிக்குப் பக்கத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, இராஜேந்திர சோழன் கடாரம் வென்ற கதையை எடுத்துவிட்டேன். என் தாத்தா எனக்குச் சொன்ன அதே பாணிதான். கடல் நிறையக் கப்பல், கப்பல் நிறைய யானை, ஜெராய் மலையைப் பார்த்ததும் போர் முரசு. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அப்போது ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். கடாரம்னா கெடாதானே அண்ணா, நாம கெடாக்காரங்கதானே, அப்படின்னா நாம ஜெயிச்சவங்களா தோத்தவங்களா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கச் சொன்னேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் படிப்பது சிவில் இன்ஜினியரிங். வரலாறு எஸ்.பி.எம்.-மோடு முடிந்து போனது. ஆனாலும் அந்த செமஸ்டர் விடுமுறை முழுக்க இராஜேந்திரனைத்தான் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவின் நிழல்

இராஜேந்திரன் ஆடி மாதத் திருவாதிரையில் பிறந்தவன். இளமைப் பெயர் மதுராந்தகன். அப்பா முதலாம் இராஜராஜன், அம்மா வானவன் மாதேவி. இராஜராஜன் என்றாலே நமக்கு முதலில் ஞாபகம் வருவது 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில். அப்படிப்பட்ட ஒரு மனிதருக்கு மகனாகப் பிறப்பது சாதாரண விஷயமா? நம்மில் பலருக்கு அப்பா எஸ்.பி.எம்.-ல் எடுத்த மார்க்கைத் தாண்டுவதே பெரும்பாடு!

1012-ல் இராஜராஜன் அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான். 1014-ல் அப்பா காலமானதும் முழு ஆட்சியும் கைக்கு வந்தது. அதற்கு முன்பே அவன் படைத் தலைவனாகப் பல போர்களைப் பார்த்துவிட்டான். கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் 1007-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதை வெட்டியவர்கள் சோழர்களின் எதிரிகளான மேலைச் சாளுக்கியர்கள். சோழ இளவரசன் 9 இலட்சம் பேரோடு வந்தான், ஊரைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை என்று அது குற்றம் சாட்டுகிறது. எதிரி எழுதியது, எண்ணிக்கையைக் கூட்டித்தான் சொல்லியிருப்பான் என்று தள்ளிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் தள்ளினேன். பிறகு யோசித்தேன். நம்மாள் தன் கல்வெட்டில் எழுதியதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் நம்புகிறோமே, அது என்ன நியாயம்?

ஒரு மகுடத்துக்காக

10-ஆம் நூற்றாண்டில் சோழரிடம் தோற்ற பாண்டியன் இராஜசிம்மன், தன் மகுடத்தையும் அரச சின்னங்களையும் இலங்கை மன்னனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். இராஜேந்திரனின் எள்ளுத் தாத்தா முதலாம் பராந்தகன் அதை மீட்கப் படை அனுப்பிப் பார்த்தான். கிடைக்கவில்லை. அப்பா இராஜராஜன் வட இலங்கையைப் பிடித்தான், அப்போதும் அந்த மகுடம் கைக்கு வரவில்லை. கடைசியில் 1017 வாக்கில் இராஜேந்திரனின் படைதான் அதைக் கைப்பற்றியது. இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனும் பிடிபட்டான். சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அவன் சுமார் 12 வருஷம் இங்கேயே இருந்து, 1029-ல் இங்கேயே இறந்தான். திரும்பவும் தன் மண்ணை மிதிக்கவே இல்லை.

இந்த ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. சோழர் மெய்க்கீர்த்தியில் இது வெற்றிப் பட்டியலின் ஒரு வரி. இலங்கையின் பௌத்த வரலாற்று நூலிலோ இது விகாரைகள் உடைக்கப்பட்டு, புனிதப் பேழைகள் கொள்ளை போன துயரக் கதை. பொலன்னறுவையில் சோழர் காலத்தில் இராஜேந்திரனின் அம்மா பெயரால் எழுந்த சிவன் கோயில் இன்றும் கட்டுக் குலையாமல் நிற்கிறது. அந்தக் கற்களைப் பார்த்து நமக்குச் சந்தோஷம் வருகிறது. அதே கற்களைப் பார்க்கிற இன்னொருவருக்கு என்ன வரும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

கங்கையைக் குடத்தில் கொண்டுவந்தவன்

அடுத்தது வடக்கு. 1023 வாக்கில் சோழப் படை கலிங்கம் வழியாக வங்காளம்வரை போனது. பால மன்னன் மகிபாலனை வென்றது. இராஜேந்திரன் கங்கைக்கரைவரை போகவில்லை, கோதாவரிக் கரையில் காத்திருந்தான். தோற்ற மன்னர்களின் தலையில் கங்கை நீரை ஏற்றிச் சுமக்க வைத்து, தளபதி அவனிடம் கொண்டுவந்து சேர்த்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 1905-ல் கிடைத்த இந்தச் செப்பேட்டில் 31 ஏடுகள் உள்ளன. இராஜேந்திரன் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி இதிலிருந்து வந்ததுதான்.

வென்ற பிறகு அவன் செய்ததுதான் ஒரு சிவில் மாணவனாக என்னை உட்கார வைத்தது. காவிரியின் நல்ல வண்டல் மண்ணும் தஞ்சையும் கையில் இருக்க, கொள்ளிடத்துக்கு வடக்கே போய்ப் புதுத் தலைநகரம் அமைத்தான். கங்கைகொண்ட சோழபுரம். இன்றைய அரியலூர் மாவட்டம். டெல்டாவின் செழிப்பு எட்டாத, தண்ணீர் குறைந்த நிலம் அது. அங்கே ஒரு நகரத்தை நிறுத்த வேண்டுமானால் முதல் தேவை தண்ணீர். அதனால் சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டினான். அதன் கரை ஒரு காலத்தில் 16 மைல் நீளம் இருந்ததாக 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் வாய்க்கால் வெட்டி வெள்ள நீரைக் கொண்டுவந்து தேக்கினார்கள். வெள்ளத்தில் வீணாகப் போகிற தண்ணீரைப் பிடித்து, வறண்ட நிலத்துக்குக் கோடையில் கொடுப்பது. இன்றைக்கு நாங்கள் வகுப்பில் கணக்குப் போட்டுப் படிக்கிற அதே விஷயம்தான்.

கொண்டுவந்த கங்கை நீரை இந்த ஏரியில்தான் கலந்தார்கள். மற்ற மன்னர்கள் வெற்றிக்குக் கல்லில் தூண் நடுவார்கள். இராஜேந்திரன் தண்ணீராலேயே ஒரு வெற்றித் தூண் நிறுத்தினான் என்று செப்பேட்டுப் புலவர் வர்ணிக்கிறார். அந்தக் கற்பனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஏரிக்குத் துணையாகக் கோயில். அப்பா கட்டிய விமானம் சுமார் 216 அடி என்றால், மகன் கட்டியது சுமார் 180 அடியோடு நின்றது. ஏன் தாண்டவில்லை? அப்பாவுக்குக் கொடுத்த மரியாதை என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நேரான கோடுகளாக எழும் தஞ்சை விமானத்துக்குப் பக்கத்தில், உள்வாங்கி வளைந்து ஏறும் இந்த விமானம் பார்வைக்கு மென்மையானது. 2004-ல் யுனெஸ்கோ இதையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

போர் மட்டும்தான் அவன் வாழ்க்கை என்று நினைக்க வேண்டாம். எண்ணாயிரம் என்ற ஊரில் 340 மாணவர்கள் தங்கிப் படித்த கல்லூரிக்கு அவன் ஆட்சியில் நிலமும் நெல்லும் ஒதுக்கப்பட்டன. தன்னைப் பெறாத தாயான பஞ்சவன் மாதேவிக்குப் பழையாறைப் பக்கம் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். இறந்தவரை அடக்கம் செய்த இடத்தில் கட்டும் கோயிலுக்குத்தான் பள்ளிப்படை என்று பெயர். சிற்றன்னைக்குக் கோயில் கட்டிய மனசும், ஹொட்டூரில் குற்றம் சாட்டப்பட்ட மனசும் ஒரே ஆளுக்குள் இருந்திருக்கின்றன.

நம்ம ஊருக்கு வந்தபோது

இப்போது கடாரத்துக்கு வருவோம். 1025. அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் சோழரும் ஸ்ரீவிஜயமும் நண்பர்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்ரீவிஜய மன்னர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தர் கோயிலைக் கட்டினார்கள். அதற்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தான். அப்பா வாயால் சொன்ன அந்தக் கொடையைச் செப்பேட்டில் எழுதி நிலைக்க வைத்தவனே இராஜேந்திரன்தான். அவனே பிறகு அந்த நண்பன் நாட்டின் மீது கப்பல் படையை ஏவினான்.

காரணம் என்ன? மெய்க்கீர்த்தியில் காரணம் எழுதவில்லை. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே போகிற ஒவ்வொரு கப்பலும் மலாக்கா நீரிணையைக் கடந்தாக வேண்டும். அந்த வாசலில் ஸ்ரீவிஜயம் உட்கார்ந்திருந்தது. சோழரும் 1015-லேயே சீனாவுக்குத் தூது அனுப்பியவர்கள். வியாபாரப் போட்டிதான் முக்கியக் காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தஞ்சைக் கோயில் கல்வெட்டில் சோழர் தாக்கிய 13 இடங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பண்ணை சுமத்ராவில். இலங்காசோகம் பட்டாணிப் பக்கம். மாதமலிங்கம் இன்றைய தெற்கு தாய்லாந்தில். இலாமுரிதேசம் ஆச்சேயில். மாநக்கவாரம் நிக்கோபார். வரிசையின் கடைசியில் கடாரம். ஸ்ரீவிஜய மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். அவனுடைய யானைகள், குவித்து வைத்த செல்வம், வித்தியாதர தோரணம் என்ற வாசல் எல்லாம் பறிபோயின.

கவனிக்க வேண்டியது அடுத்துதான். சோழர் இங்கே தங்கி நிலத்தைப் பங்கு போட்டு ஆளவில்லை. அடித்தார்கள், எடுத்தார்கள், போய்விட்டார்கள். நிலைத்தது வியாபாரிகள்தான். 1088-ல் சுமத்ராவின் பாருஸ் பக்கம் தமிழ் வணிகர் குழு ஒன்று தமிழிலேயே கல்வெட்டு வெட்டியிருக்கிறது. 1090-ல் கடாரத்து அரசன் கேட்டுக்கொண்டதால், இராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன் முதலாம் குலோத்துங்கன், அதே நாகப்பட்டினத்து விகாரத்துக்குச் சலுகைகளை உறுதிப்படுத்திச் செப்பேடு கொடுத்தான். தாத்தா அடித்ததைப் பேரன் பேசிச் சரிசெய்தான்.

மலாய் மக்கள் வைத்துக்கொண்ட கதை

செஜாரா மெலாயுவில் கிளிங் நாட்டிலிருந்து பெரும் படையோடு வரும் ஒரு ராஜா இருக்கிறார். பிரதிக்குப் பிரதி ராஜா சூலான், ராஜா சூரான் என்று பெயர் மாறும். சோழன் என்ற பெயரின் எதிரொலிதான் இது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். கங்கா நகராவைப் பிடித்த வம்சம், சீனாவையும் பிடிக்க வேண்டும் என்று கிளம்புகிறது. தெமாசெக் வரை படை வந்துவிடுகிறது. சீனர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பழைய கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்த பழ மரங்களையும், பல் போன கிழவர்களையும் ஏற்றி அனுப்பினார்கள். சீனாவில் கிளம்பும்போது நாங்கள் வாலிபர்கள், இந்த ஊசிகள் இரும்புத் தடிகள், மரங்கள் வெறும் விதைகள் என்று கிழவர்கள் கதை விட்டார்கள். அவ்வளவு தூரமா என்று ராஜா படையைத் திருப்பிவிட்டார்! பிறகு கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் இறங்கி, கடலடி இளவரசியை மணந்தார். மலாக்கா சுல்தான்களின் முன்னோர் அந்த வழியில் வந்தவர்கள் என்று கதை போகிறது.

இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ஒன்று புரிந்தது. அடி வாங்கிய ஊர், அடித்தவனைக் கதையில் மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டது. ஜெயித்தவனைப் பல் இல்லாத கிழவர்களே ஏமாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டது. கல்வெட்டு ஒரு பக்கம் பேசுகிறது. ஊர் தன் பங்குக்கு வேறு ஒரு கதையைப் பேசிக் காயத்தை ஆற்றிக்கொள்கிறது.

அந்த நகரம் என்ன ஆனது?

கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 250 வருஷம் தலைநகரமாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கிச் சோழ ஆட்சி முடிந்தது. அரண்மனை மண்மேடாகிப் போனது. மாளிகைமேடு என்ற பெயர் மட்டும் மிச்சம். அங்கே தோண்டினால் இன்றும் செங்கல் வரும். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர்கள், கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்து அந்தக் கருங்கற்களை அணைக்குப் பயன்படுத்தினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பொறியாளர் இடத்தில் நான் இருந்திருந்தால்? கல் பக்கத்திலேயே கிடக்கிறது, செலவு மிச்சம் என்று நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ?

நம் ஊரிலும் இதே கதைதான். 2013-ல் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழைய சண்டியை நில மேம்பாட்டு வேலையில் இடித்துவிட்டார்கள். நிலத்துக்காக மன்னர்கள் சண்டை போட்டார்கள். அவர்கள் விட்டுப் போன கற்களை, அதே நிலத்துக்காகப் பின்னால் வந்தவர்கள் உடைக்கிறார்கள்.

என் தாத்தா

நான் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், தீபாவளிக்கு முன்பு, தாத்தா தவறிப்போனார். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். தாத்தா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் கைமாறி இப்போது தாமான் ஆகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடுகள். மாரியம்மன் கோயில் மட்டும் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. வாழ்நாள் முழுக்க மண்ணில் உழைத்தவர் பெயரில் ஒரு சாண் மண் கிடையாது. பால் வெட்டும் கத்தி ஒன்றுதான் வைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட மனிதர் எனக்குக் கடாரம் வென்ற கதையைச் சொல்லும்போது ஏன் குரலை அவ்வளவு உயர்த்துவார் என்று இப்போதுதான் விளங்கியது. கங்காணி முன்னால் தலை குனிந்து நின்றவருக்கு, நிமிர்ந்து நிற்க அந்தக் கதை தேவைப்பட்டிருக்கிறது.

அவர் அஸ்தியை மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கரைத்தோம். படகிலிருந்து பார்த்தால் ஜெராய் மலை தெரிந்தது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கும் அதுதான் அடையாளம். இராஜேந்திரனின் மாலுமிகள் பார்த்த அதே மலை.

கடைசியாக ஒரு கல்வெட்டு

இராஜேந்திரன் 1044-ல் இறந்தான். தஞ்சையில் இல்லை, தான் கட்டிய தலைநகரத்திலும் இல்லை. வந்தவாசி, செய்யாறு பக்கம் பிரம்மதேசம் என்ற சிற்றூரில். அங்குள்ள சிவன் கோயிலில் அவன் மகன் இராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மன்னனின் தேவி வீரமாதேவி அவனோடு தானும் உயிரை விட்டாள் என்று அது சொல்கிறது. அந்தக் காலத்துக் கொடிய வழக்கம் அது. போற்றுவதற்கில்லை. வீரமாதேவியின் சகோதரன் ஒரு சேனாபதி. அவன் இறந்துபோன இருவருடைய தாகம் தீர வேண்டும் என்று அந்த ஊரில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு ஏற்பாடு செய்தான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கங்கையைக் கொண்டுவந்தவன், கடலைக் கடந்தவன், 16 மைல் கரை கட்டி ஏரி வெட்டியவன். அவன் போன பிறகு, வழிப்போக்கனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தால் அவன் ஆத்மா குளிரும் என்று அவன் வீட்டு மனிதர் ஒருவர் நம்பினார்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நாம் 1025-ல் ஜெயித்தவர்களும் இல்லை, தோற்றவர்களும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அதற்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் கழித்துப் பிழைப்புக்காகக் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள். இராஜேந்திரன் நம் மொழிக்காரன், நம் சிவனைக் கும்பிட்டவன். அவன் ஏரியையும் கோயிலையும் நினைத்துப் பெருமைப்படுவோம், தப்பில்லை. ஆனால் அவன் படை போன ஊரில் அழுதவர்களையும் சேர்த்துப் படிப்போம். பக்கத்து வீட்டு மலாய் நண்பனிடம், உங்க ஊரை எங்க ராஜா பிடிச்சாரு என்று மார்தட்ட வேண்டாம். இது உன் ஊர். நீ பிறந்த ஊர். உன் முப்பாட்டன் வியர்வை விழுந்த ஊர்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலையில் வழக்கம்போல நம் இயக்கத்தின் தண்ணீர்ப் பந்தல் இருக்கும். போன வருஷம்வரை சட்டைக்காகவும் கூட்டாளிகளுக்காகவும் போனேன். இந்த முறை தாத்தா பெயரை மனசில் வைத்துக்கொண்டு மோர் ஊற்றப் போகிறேன். யார் வந்து கை நீட்டினாலும், எந்த இனமாக இருந்தாலும், ஒரு கோப்பை. ஆள் பற்றவில்லை. முகாமுக்கு வந்த தம்பி தங்கைகள் எல்லாரும் வந்து கை கொடுங்கள். கேள்வி கேட்ட தம்பி கண்டிப்பாக வர வேண்டும். பதில் சொல்ல நான் மோர் அண்டாவுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.